தோல் உரிக்க எந்தக் கத்தி நல்லது?

கத்தி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது?

சினிமாவில் வில்லன் கையில் பளபளக்கிறதே, அந்தக் கத்திதான் பலருக்கும் ஞாபகம் வரும். ஒரு முழ நீளம். ஊசி போன்ற முனை. முதுகில் ரம்பம் போலப் பல். பார்த்தாலே பயமாக இருக்கும்.

அந்தக் கத்தி வேஷத்துக்கு உதவும். வேலைக்கு உதவாது!

இதை நான் ஒரு கறிக்கடையில் கற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொருட்காட்சிக்குப் போயிருந்தேன். அங்கே "வேட்டைக்காரர் கத்தி" என்று சொல்லி ஒரு பெரிய கத்தியை விற்றார்கள். ஆசைப்பட்டு வாங்கிவிட்டேன். மறு நாள் எங்கள் தெருக் கறிக்கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"பாய், இது எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். சிரித்தார்.

"தம்பி, இதை வைத்து வாழைத்தார் வெட்டலாம். தோல் உரிக்க முடியாது" என்றார்.

பிறகு தம்முடைய கத்தியை எடுத்துக் காட்டினார். அலகு 5 அங்குலம் கூட இராது. தீட்டித் தீட்டித் தேய்ந்து போயிருந்தது. மரப்பிடி கறுத்திருந்தது. வெட்டும் பக்கம் பிறை போல வளைந்திருந்தது.

"இதுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அன்று முதல் கத்தியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். உலகம் முழுவதும் தோல் உரிக்கிறவர்கள் சொல்வது ஒன்றுதான். பாய் சொன்னதும் அதுதான். "பெரிய கத்தி வேண்டாம். நல்ல கத்தி வேண்டும்."

கல்லில் தொடங்கிய கத்தி

மனிதன் செய்த முதல் கருவிகளில் ஒன்று கத்தி. அப்போது இரும்பு இல்லை. கல்தான் கத்தி!

1863-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி. சென்னைக்குப் பக்கத்தில் உள்ள பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் பூட் என்ற ஆங்கிலேய நிலவியல் அறிஞர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது சாதாரணக் கல் அல்ல. ஆதி மனிதன் செதுக்கிய கைக்கோடரி. சென்னைக்கு வடமேற்கே உள்ள அத்திரம்பாக்கத்திலும் இப்படிப்பட்ட கற்கள் கிடைத்தன. அவற்றுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது. வேட்டையாடிய மிருகத்தை அறுக்கவும், தோலை உரிக்கவும் இத்தகைய கற்கள் பயன்பட்டன என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

இன்னொரு செய்தி. 1991-ம் ஆண்டில் ஐரோப்பாவில், ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள்ளே ஒரு மனிதனின் உடல் கெடாமல் கிடைத்தது. அவன் வாழ்ந்தது சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன்பு. அவனுக்கு ஓட்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆட்டுத் தோலில் சட்டை, கரடித் தோலில் தொப்பி, மான் தோலில் அம்புக்கூடு. இடுப்பில் ஒரு சின்னக் கத்தி. அலகு கல். பிடி மரம். போட்டு வைக்க உறையும் உண்டு.

அவனிடம் இன்னொன்றும் இருந்தது. அதுதான் முக்கியம். கல் மழுங்கினால் அதைக் கூராக்குவதற்கு ஒரு சிறு கருவி!

5,300 ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் தெரிந்து வைத்திருந்தான்: கத்தி மட்டும் போதாது. தீட்டும் கருவியும் கூடவே வேண்டும். நம்மில் எத்தனை வீட்டில் சாணைக்கல் இருக்கிறது?

வேட்டை நாடுகளில்

நம் நாட்டில் வேட்டைக்குத் தடை இருக்கிறது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடினால் சிறைக்குப் போக வேண்டியதுதான். அது நல்ல சட்டம். இருக்கட்டும்.

சில வெளிநாடுகளில் மான் ஏராளம். அமெரிக்காவிலும் பின்லாந்திலும் அரசாங்கத்தின் அனுமதி பெற்று, குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் வேட்டையாடுகிறார்கள். இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுகிறார்கள்.

மான் விழுந்ததும் அவர்களுக்கு அவசரம். உடம்புச் சூடு சீக்கிரம் தணிய வேண்டும். இல்லாவிட்டால் இறைச்சி கெட்டுவிடும். ஆகவே குடலை உடனே எடுத்துவிட வேண்டும். தோலையும் தாமதிக்காமல் உரிக்க வேண்டும். கத்தி தவறிக் குடலில் பட்டால் போச்சு! குடலில் உள்ள அழுக்கு இறைச்சியில் கொட்டிவிடும்.

அதனால் அனுபவம் உள்ள வேட்டைக்காரர் சின்னக் கத்தியைத்தான் எடுத்துப் போகிறார். அலகு 3 அல்லது 4 அங்குலம். பின்லாந்துக்காரர்கள் இடுப்பில் தொங்கவிடும் கத்திக்குப் "பூக்கோ" என்று பெயர். அதுவும் சின்னதுதான். பிடி எவ்வளவு நீளமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அலகும்.

வட துருவத்துப் பனிப் பிரதேசத்தில் இனுயிட் என்ற மக்கள் இருக்கிறார்கள். அங்கே கடல்நாய்த் தோலை உரிப்பது பெண்கள் வேலை. அவர்களுடைய கத்திக்கு "உலு" என்று பெயர். "பெண்ணின் கத்தி" என்பது அதன் பொருள். அது பாதி நிலா போல இருக்கும். முனையே கிடையாது! நிலாவின் முதுகில் பிடி. பிடியை அமுக்கினால் கையின் பலம் நேரே வெட்டும் இடத்துக்குப் போகிறது. அதே கத்தியால் தோலையும் உரிப்பார்கள். இறைச்சியையும் நறுக்குவார்கள்.

பார்த்தீர்களா? வேட்டையே வாழ்க்கையாக இருந்த மக்கள் வில்லன் கத்தியைத் தேடவில்லை. சின்னதையும் வளைந்ததையும் தேடினார்கள்.

ஏன் வளைவு வேண்டும்?

தோல் உரிப்பது என்பது குத்துகிற வேலை அல்ல. வெட்டுகிற வேலையும் அல்ல. பிரிக்கிற வேலை.

தோலுக்கும் சதைக்கும் நடுவில் மெல்லிய சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வை மட்டும் அறுக்க வேண்டும். கொஞ்சம் மேலே போனால் தோல் கிழியும். கொஞ்சம் கீழே போனால் சதை வீணாகும்.

வளைந்த அலகு தோலின் அடியில் தடவிக்கொண்டு போகும். ஊசி முனை குத்திக்கொண்டு போகும். அதனால்தான் நல்ல கத்தியின் முனை சற்றுத் தாழ்ந்து, மழுங்கலாக இருக்கிறது.

முதல் கீறலைப் போடும்போது அலகின் கூரை மேல் நோக்கித் திருப்ப வேண்டும். உள்ளிருந்து வெளியே அறுக்க வேண்டும். இதனால் குடலில் கத்தி படாது. ரோமமும் வெட்டுப்பட்டு இறைச்சியில் ஒட்டாது. இதற்காகவே சில கத்திகளின் முதுகில் ஒரு கொக்கி வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு ரகசியம். கெட்டிக்காரத் தொழிலாளி கத்தியைக் கொஞ்சந்தான் உபயோகிப்பார். கால்களிலும் வயிற்றிலும் கீறிவிட்டு, கத்தியை ஓரமாக வைத்துவிடுவார். பிறகு கை முஷ்டியைத் தோலுக்கும் சதைக்கும் நடுவே விட்டுத் தள்ளுவார். ஆட்டுத் தோல் சட்டையைக் கழற்றுவது போல வந்துவிடும்.

எங்கள் பாய் சொன்னார்: "தம்பி, கத்தி கதவைத் திறக்கிற சாவி. திறந்த பிறகும் சாவியைத் திருகிக்கொண்டே இருப்பார்களா?"

கத்தி வாங்கும்போது

என்னென்ன பார்க்க வேண்டும்? ஐந்து விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, நீளம். ஆடு, மான் அளவுள்ள மிருகத்துக்கு அலகு 4 அல்லது 5 அங்குலம் போதும். மாட்டுக்கு 6 அங்குலம் வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் நீண்டால் முனை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியாது.

இரண்டாவது, வடிவம். வெட்டும் பக்கம் நன்றாக வளைந்திருக்க வேண்டும். முதுகில் பல் எதுவும் வேண்டாம்.

மூன்றாவது, பிடி. கடையில் உலர்ந்த கையால் பிடித்துப் பார்த்து ஏமாறாதீர்கள். வேலை செய்யும்போது கையில் ரத்தமும் கொழுப்பும் இருக்கும். அப்போதும் வழுக்கக் கூடாது. விரல் அலகுக்குச் சறுக்காதபடி பிடியின் முன்பக்கம் ஒரு தடை இருக்க வேண்டும். அலகின் வால் பிடியின் கடைசி வரை போயிருந்தால் நல்லது. பாதியில் நின்றால் ஒரு நாள் ஆடும். பிறகு கழன்றுவிடும். பிடியில் விரிசல் இருந்தால் வாங்கவே கூடாது. விரிசலில் ரத்தம் தங்கும். கிருமி வளரும்.

நான்காவது, மடக்குக் கத்தி வேண்டாம். பையில் வைக்க வசதிதான். ஆனால் மடக்கும் மூட்டில் கொழுப்பு அடைத்துக்கொள்ளும். கழுவினாலும் போகாது. வேலையின் நடுவே மடங்கினால் விரல் போய்விடும்!

ஐந்தாவது, இரும்பு.

இரும்பா, எவர்சில்வரா?

இதைப் பற்றி எப்போதும் சண்டை உண்டு.

பழைய எஃகுக் கத்தி சீக்கிரம் கூராகும். சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் போதும். ஆனால் துடைக்காமல் வைத்தால் துருப்பிடிக்கும்.

எவர்சில்வர் கத்தி எளிதில் துருப்பிடிக்காது. 1913-ம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்தில் ஹாரி பிரயர்லி என்பவர் துப்பாக்கிக் குழலுக்காக நல்ல எஃகைத் தேடிக்கொண்டிருந்தார். குரோமியம் கலந்த எஃகு துருப்பிடிக்காமல் நிற்பதைக் கண்டார். அது கத்திக்கு உதவும் என்றும் கண்டுகொண்டார்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எவர்சில்வர் எல்லாம் ஒன்றல்ல. பாத்திரம் செய்கிற எவர்சில்வர் மென்மையானது. அதில் கத்தி செய்தால் கூர் நிற்காது. கத்திக்கென்று இருக்கிற எவர்சில்வரைச் சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்குகிறார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பளபளப்பைப் பார்த்து வாங்கினால் ஏமாந்து போவீர்கள்.

நம் ஊர்க் கொல்லர்கள் லாரியின் அடியில் இருக்கும் வில் பட்டையைக் காய்ச்சி அடித்துக் கத்தி செய்கிறார்கள். அது நல்ல எஃகு. அரிவாளுக்குப் பெயர் பெற்ற ஊர் திருப்பாச்சேத்தி. சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. அதுபோன்ற பட்டறைகளில் கை தேர்ந்த கொல்லரிடம் சொல்லி அடித்து வாங்கினால், அந்தக் கத்தி பல வருஷம் உழைக்கும்.

என் கருத்து இதுதான். தினம் துடைத்து, எண்ணெய் தடவி வைக்கிறவர்களுக்குப் பட்டறைக் கத்தி. துடைக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு நல்ல எவர்சில்வர் கத்தி. எதுவானாலும் தீட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

மழுங்கிய கத்தியே ஆபத்து

"கூர் அதிகம் இருந்தால் கையை வெட்டுமே" என்று சிலர் பயப்படுகிறார்கள். மழுங்கிய கத்தியையே வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள்.

இது தவறு. கூரான கத்தி சொன்ன இடத்தில் போகும். மழுங்கிய கத்தியை அமுக்க வேண்டும். அமுக்கினால் சறுக்கும். சறுக்கினால் அடுத்த கையில் பாயும்!

தீட்டுவது கஷ்டமல்ல. கத்தியைக் கல்லின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். அது 90 டிகிரி. பாதி சாயுங்கள். 45 டிகிரி. மறுபடியும் பாதி சாயுங்கள். 22 டிகிரி. இன்னும் ஒரு சிறிது சாய்த்தால் சரியாக இருக்கும். அதே சாய்வில் இரண்டு பக்கமும் சமமாகத் தீட்டுங்கள். பழைய செய்தித்தாள் ஒன்றைத் தொங்கவிட்டு அறுத்துப் பாருங்கள். கிழியாமல் அறுந்தால் தீட்டியது போதும்.

மின்சாரச் சாணைச் சக்கரத்தில் பொறி பறக்கத் தீட்டாதீர்கள். சூட்டில் அலகு நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

ஒரு கீறலின் விலை

"தோல் உரிக்கிற கத்திக்கு இவ்வளவு பேச்சா?" என்று கேட்கலாம்.

காரணம் இருக்கிறது. தோல் நம் நாட்டின் பெரிய தொழில். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடு என்று எத்தனை ஊர்கள் தோலை நம்பிப் பிழைக்கின்றன! சென்னை குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே குரோம் தோல் கம்பெனியால்தான். 1948-ம் ஆண்டிலேயே சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார்கள்.

அந்தத் தோல் எங்கிருந்து புறப்படுகிறது? நம் தெருக் கறிக்கடையிலிருந்தும் புறப்படுகிறது.

அங்கே கத்தி தவறித் தோலில் ஒரு கீறல் விழுந்தால், பிறகு அதை யாராலும் மறைக்க முடியாது. பதனிட்டாலும் தெரியும். சாயம் போட்டாலும் தெரியும். செருப்பு வெட்டுகிறவர் அந்த இடத்தை ஒதுக்கித்தான் வெட்ட வேண்டும். தோல் ஒரு தரம் இறங்கிவிடும். விலையும் இறங்கிவிடும்.

ஆடு ஒரு வருஷம் வளர்த்த தோலை ஒரு நொடியில் கெடுத்துவிடுகிறது ஒரு மட்டமான கத்தி!

இதற்கு, "நல்ல தொழிலாளி எந்தக் கத்தியாலும் உரிப்பான். கத்தியைக் குறை சொல்லக் கூடாது" என்று சிலர் பதில் சொல்வார்கள்.

பாதி உண்மைதான். கை பழகாதவனிடம் தங்கக் கத்தி கொடுத்தாலும் தோல் கிழியும். ஆனால் பழகிய கைக்கும் நாள் முழுவதும் வேலை. விடிவதற்கு முன்னால் எழுந்து, ஒன்றன் பின் ஒன்றாக உரிக்கிறவருக்கு, பத்தாவது ஆட்டில் கை சோர்ந்துவிடும். அப்போது அவரைக் காப்பது கத்திதான். நல்ல கத்தி அவருடைய உழைப்பைக் குறைக்கும். மட்டமான கத்தி அவருடைய விரலைக் குறைக்கும்.

விரலில் காயம் பட்டால் அடுத்த வாரம் அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? கத்தி வாங்குகிறவர் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

ஆகவே கடை முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு தொழிலாளிக்கும் இரண்டு நல்ல கத்தி வாங்கிக் கொடுங்கள். ஒன்று தோலின் வெளிப்பக்கத்தைக் கீற. மற்றது இறைச்சிக்கு. தோலில் உள்ள அழுக்கு இறைச்சிக்குப் போகாது. நல்ல இறைச்சிக் கூடங்களில் 82 டிகிரி சூடுள்ள வெந்நீரில் கத்தியை அடிக்கடி முக்கி எடுக்கிறார்கள். அதையும் செய்யுங்கள். கத்தி பிடிக்காத கைக்கு இரும்பு வலைக் கையுறை இருக்கிறது. அதையும் வாங்கிக் கொடுங்கள்.

தோல் வாங்குகிற வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. கீறல் இல்லாத தோலுக்கு உரித்தவர் கையில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். தோல் தானாகவே நன்றாக வரும்!

கத்தி எடுக்கக் கூடாத இடம்

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ஆடு மாடு வளர்க்கும் குடும்பங்கள் இதை அவசியம் படிக்க வேண்டும்.

நன்றாக மேய்ந்துகொண்டிருந்த ஆடு திடீரென்று விழுந்து செத்தால், "தோலாவது மிச்சம்" என்று கத்தியை எடுக்காதீர்கள். அது ஆந்த்ராக்ஸ் என்னும் அடைப்பான் நோயாக இருக்கலாம். மூக்கிலும் வாயிலும் உறையாத ரத்தம் வடிந்தால் சந்தேகம் இன்னும் அதிகம். அந்த உடலை அறுத்தால் கிருமி வெளியே வரும். மண்ணில் பல பத்து ஆண்டுகள் சாகாமல் இருக்கும். உரித்தவர் கையில் கறுத்த புண் வரும். உயிருக்கே ஆபத்தாகும்.

அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். உடலைத் தொடாமல், நாய்களையும் பிள்ளைகளையும் விலக்கி வைத்துவிட்டு, கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள். எவ்வளவு நல்ல கத்தியாக இருந்தாலும் அன்று உறைக்குள்ளேயே இருக்கட்டும்.

வீட்டுக்கும் இதுவே பாடம்

தோல் உரிக்காத வீடு உண்டு. கத்தி இல்லாத வீடு உண்டா?

சமையல் கத்திக்கும் இதே விதிதான். கைக்கு அடங்கிய கத்தியாக வாங்குங்கள். வழுக்காத பிடியாகப் பாருங்கள். சாணைக்கல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒருவர் கேட்டால் கத்தியைக் கையில் நீட்டாதீர்கள். கீழே வையுங்கள். அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

பொருட்காட்சியில் நான் வாங்கிய அந்தப் பெரிய கத்தி என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா?

பாய் சொன்னபடியே ஆயிற்று. கொல்லைப்புறத்தில் வாழைத்தார் வெட்டிக்கொண்டிருக்கிறது!